கல்லூரிப் பணியாளர் செய்திமடல்: மாதந்தோறும் தவறாமல் கொண்டுவருவது எப்படி

செய்திமடல் தொடங்கும்போது இருக்கும் உற்சாகம் சில இதழ்களிலேயே வடிந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: செய்தி வந்து சேராது. ‘செய்தி இருந்தால் அனுப்புங்கள்’ என்று சுற்றறிக்கை விட்டால், கருத்தரங்கில் கட்டுரை வாசித்தவர்கள் மட்டும் அனுப்புவார்கள். மடல் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலாகிவிடும். அலுவலக எழுத்தரும் ஆய்வக உதவியாளரும் அதைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆகவே பாதி வேலை, செய்தியைத் தேடிப் போய் வாங்குவதுதான்.

யார் சேகரிப்பது, எப்படிக் கேட்பது

துறைக்கு ஒருவர் என்று பொறுப்புக் கொடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் எந்தத் துறையிலும் அடங்காத காவலர், ஓட்டுநர், தூய்மைப் பணியாளர், மின்பணியாளர், விடுதி ஊழியர் எல்லாரும் விடுபட்டுப் போவார்கள். கட்டடத்துக்கு ஒருவர் என்று வையுங்கள். 150 பேர் வேலை செய்யும் கல்லூரிக்கு ஐந்தாறு பேர் போதும். அவர்களில் இருவராவது ஆசிரியரல்லாத பணியாளராக இருக்கட்டும். வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் உட்காருபவர் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவர். தினமும் எல்லாரையும் பார்ப்பவர் அவர்தான்.

‘என்ன விசேஷம்?’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். இந்த மாதம் உங்கள் கட்டடத்தில் புதிதாக யார் சேர்ந்தார்கள், எந்த அறையில் இருக்கிறார்கள், எந்த வேலைக்கு அவர்களைப் பார்க்க வேண்டும்? யார் இடம் மாறினார்கள்? எந்த விண்ணப்பம், எந்தக் கருவி, எந்த நேரம் மாறியது? யாராவது ஒரு தேர்வு முடித்தார்களா, ஓய்வு பெறப் போகிறார்களா? இந்த நான்கைக் கேட்டாலே ஒரு கட்டடத்திலிருந்து இரண்டு மூன்று செய்தி கிடைத்துவிடும்.

கிடைத்ததை உடனே ஒரே பதிவேட்டில் எழுதுங்கள்: தேதி, பெயர், பணி, செய்தி, சொன்னவர், சம்பந்தப்பட்டவரின் சம்மதம், படம் உண்டா. இவற்றில் ‘சொன்னவர்’, ‘சம்மதம்’ என்ற இரண்டு கட்டங்களும் காலியாக இருக்கவே கூடாது. பின்னால் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி இந்த இரண்டு காலிக் கட்டங்களிலிருந்துதான் பிறக்கிறது.

கேட்டுவிட்டுப் போட வேண்டியவை

பிறந்தநாள் என்றால் நாளும் மாதமும் போதும், ஆண்டு வேண்டாம். அதையும் அலுவலகக் கோப்பிலிருந்து எடுக்காதீர்கள். பணிக்காகக் கொடுத்த விவரம் அது. விருப்பமுள்ளவர்கள் தாங்களே எழுதித் தரட்டும்.

உடல்நலச் செய்தியில் நோயின் பெயர், மருத்துவமனை, அறை எண் எதுவும் வரக் கூடாது. விடுப்பில் இருக்கிறார் என்று சொல்வதற்குக்கூட அவரையே கேட்க வேண்டும்; பக்கத்து மேசைக்காரர் சொன்ன சம்மதம் செல்லாது. வெளியூர்ப் பயணம் பற்றிப் போய்த் திரும்பிய பிறகு போடுங்கள். வீடு பூட்டிக் கிடக்கும் தேதியை அச்சடித்து ஊருக்குக் கொடுக்க வேண்டாம்.

இறப்புச் செய்தியை இரண்டு பேரிடம் உறுதி செய்யுங்கள், ஒருவர் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பெயர், பணி, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, உடன் வேலை செய்தவர் ஒருவரின் இரண்டு வரி. இவ்வளவு போதும். இறப்பின் காரணம் வேண்டாம். படத்தைக் குடும்பமே தேர்ந்தெடுக்கட்டும். வாழ்த்துகள் இருக்கும் பக்கத்தில் இதை வைக்காதீர்கள். பக்கம் முடிந்த பிறகு தகவல் வந்தால் வேறு எதையாவது எடுத்துவிட்டு இடம் செய்யுங்கள். பணியாளரின் பெற்றோர், துணைவர் மறைவைப் போடுவதா என்பதை முதல் இதழுக்கு முன்பே முடிவு செய்து, எல்லாருக்கும் அதே விதியைப் பின்பற்றுங்கள். ஒருவருக்குப் போட்டு இன்னொருவருக்கு விட்டால் அந்தக் காயம் ஆறாது.

அளவு எல்லாருக்கும் ஒன்று

பணி ஓய்வுச் செய்திக்கு 120 சொல், ஒரு படம் என்று வைத்தால் முதல்வருக்கும் அதுதான், துப்புரவுப் பணியாளருக்கும் அதுதான். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பணியாளர்கள் மடலைப் பிரித்ததும் முதலில் அளந்து பார்ப்பது இதைத்தான்.

எழுதும்போது ‘சீரிய முறையில் அரும்பணியாற்றிய’ என்பதுபோன்ற அடைமொழிகளை வெட்டுங்கள். அவை யாருக்கும் பொருந்தும், அதனால் யாரையும் காட்டாது. ‘கண்ணாடிக் குடுவைகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி எண்வரிசையில் அடுக்கும் முறையை வேதியியல் ஆய்வகத்தில் கொண்டுவந்தவர்’ என்று எழுதினால் ஆள் கண்முன் நிற்பார். ஓய்வு பெறுபவரிடம் மூன்று கேள்வி: சேர்ந்த அன்று கொடுத்த முதல் வேலை என்ன? நீங்கள் வந்த பிறகு எது மாறியது? அடுத்து வருபவர் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் பல சமயம் துறைக்கே பயன்படும்.

மற்றச் செய்திகள் 40 முதல் 60 சொல்லுக்குள். ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஆளுக்கு ஒரு வரி, மொத்தம் கால் பக்கம்.

நாள் கணக்கு

மாதத் தேதியை வைத்துத் திட்டமிட்டால் விடுமுறை வந்து குலைக்கும். வெளியீட்டு நாளிலிருந்து வேலைநாள்களைப் பின்னோக்கி எண்ணுங்கள். எட்டு நாள் முன்பு செய்தி வாங்குவதை நிறுத்துங்கள். எழுத இரண்டு நாள், பெயர் சரிபார்க்க இரண்டு நாள், பக்கம் அமைக்க ஒன்று, மெய்ப்புப் பார்க்க ஒன்று, முதல்வரின் ஒப்புதலுக்கு இரண்டு. ஒப்புதலுக்கு ஒரே நாள் ஒதுக்கினால் அவர் வெளியே போயிருக்கும் மாதத்தில் இதழ் தாமதமாகும். தேர்வு, விடைத்தாள் திருத்தும் காலத்தில் நான்கு பக்கத்தை இரண்டாகக் குறையுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள். ஒரு மாதம் விட்டால் செய்தி தருபவர்களின் பழக்கம் விட்டுப்போகும்.

பெயர் சரிபார்ப்பது என்றால் அச்சில் வரப்போகும் வரியை அந்த நபரிடமே காட்டுவது. ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள். முன்னெழுத்து மாறினால் வாழ்த்து வேறொருவருக்குப் போகும். சண்முகமா ஷண்முகமா என்பதை அவர் கையெழுத்திடும் விதம்தான் தீர்மானிக்கும். வாய்மொழித் தேர்வு முடிந்தவருக்கு ‘முனைவர்’ போடலாமா என்பதை அவரையே கேளுங்கள். பட்டம் முறைப்படி அறிவிக்கும்வரை பொறுக்கச் சொல்பவர்கள் உண்டு.

பக்கமும் படமும்

ஏ3 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ4 பக்கம். நடுவில் பின் அடிக்கும் மடலென்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகவே இருக்க வேண்டும். ஐந்தாம் பக்கத்துக்குச் செய்தி மிஞ்சினால் அடுத்த இதழுக்குத் தள்ளுங்கள். எழுத்தளவு 11 புள்ளி; பக்கத்தை நெடுக்காக இரண்டு பத்தியாகப் பிரியுங்கள்.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒகர, ஓகார, ஔகார எழுத்துகளையும் ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போன்றவற்றையும் தனியே பாருங்கள், உடைவது அங்கேதான். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்ற தெரிவு தேர்வாகவில்லை என்று பொருள்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். 8.5 சென்டிமீட்டர் அகலத்தில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் அச்சிட ஏறக்குறைய 1,000 பிக்சல் அகலம் வேண்டும். குழுப்படமென்றால் எடுத்த இடத்திலேயே வரிசைவாரியாக, இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டால் ஒரு பெயராவது தவறும்.

வெளியிட்ட பிறகு

குழுவில் பிடிஎஃப் அனுப்புவதோடு நிறுத்த வேண்டாம். கைப்பேசியில் படிக்காதவர்களுக்காக அச்சுப்பிரதியை வருகைப் பதிவேடு இருக்கும் இடத்திலும் பணியாளர் ஓய்வறைகளிலும் வையுங்கள். தவறு நேர்ந்தால் அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் சரியான செய்தியை முழுதாகப் போடுங்கள். சம்பந்தப்பட்டவரை அன்றைக்கே நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள், இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு இதழிலும் இரண்டு அச்சுப்பிரதியை நூலகத்தில் கொடுத்து, கோப்புக்கு ஆண்டு, மாதம் என்ற வரிசையில் பெயரிடுங்கள். கல்லூரி ஆண்டுமலர் தயாரிப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.