மசாய் மாராவுக்குப் போகுமுன் டேட்டா விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்கு முதல் முறை போனபோது அம்மாவிடம், "தினமும் ராத்திரி வீடியோ காலில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முதல் நாள் நைரோபியிலிருந்து பேசினேன். இரண்டாம் நாள் முகாமில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. மூன்றாம் நாள் காலை, வண்டி ஒரு மேட்டில் ஏறியதும் சட்டைப் பையில் போன் விடாமல் அதிர ஆரம்பித்தது. எல்லாம் அம்மாவும் அக்காவும் அனுப்பியவை. கடைசிச் செய்தி: "ஒரே ஒரு வார்த்தை போடுப்பா." இருபதடி தூரத்தில் ஒரு சிவிங்கிப்புலி குட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. நான் தலையைக் குனிந்து டைப் செய்துகொண்டிருந்தேன்.

முடியாத நேரத்தில், முடியாத இடத்திலிருந்து பேசுவதாக வாக்குக் கொடுப்பதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. சஃபாரியில் சிக்னல் எங்கும் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது, எங்குமே கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. டவர் எங்கே இருக்கிறது, நடுவில் மேடு பள்ளம் எப்படி என்பதைப் பொறுத்தது அது. மாராவில் டாலெக், செக்கெனானி நுழைவாயில்கள் பக்கம் பெரும்பாலும் பிடிக்கும். ஆற்றோரப் பள்ளத்தில் இறங்கினால் போய்விடும். தான்சானியாவின் ங்கோரோங்கோரோவில் எரிமலைக் குழியின் அடித்தளம் விளிம்பிலிருந்து சுமார் 600 மீட்டர் கீழே இருக்கிறது. விளிம்பு விடுதியில் நன்றாகப் பேசியவர் கீழே போனதும் தடுமாறுவார். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டாவில் உள்ளடங்கிய முகாம்களில் மொபைல் சிக்னலே இருக்காது, விடுதியின் வைஃபை மட்டும்தான். அதனால் முன்பதிவு செய்யும்போதே முகாமுக்கு எழுதி இரண்டு கேள்வி கேளுங்கள்: அறையில் வைஃபை உண்டா, பொதுக்கூடத்தில் மட்டுமா? எந்த நிறுவனத்தின் சிக்னல் அங்கே பிடிக்கும்? ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவை 2023-இல் கென்யாவுக்கு வந்த பிறகு பல முகாம்களில் நிலைமை மாறியிருக்கிறது, பழைய பயணக் குறிப்புகளை நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்தது சிம். நைரோபியில் இறங்கியதும் சிவப்பு ஏர்டெல் பலகையைப் பார்த்து, "நம்ம சிம்தானே, இங்கேயும் ஓடும்" என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஏர்டெல் 2010-இல் ஸைன் நிறுவனத்தின் ஆப்பிரிக்கத் தொழிலை வாங்கி அங்கே கால் வைத்தது உண்மை. ஆனால் உங்கள் இந்திய சிம் அங்கே ரோமிங் சிம்தான், ரோமிங் கட்டணம்தான். பேக் போடாமல் டேட்டாவைத் திறந்துவிட்டால் பில் நெஞ்சை அடைக்கும். பேக் வாங்கினாலும் நீங்கள் போகும் ஒவ்வொரு நாட்டின் பெயரும் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான்கைந்து நாளுக்கு மேல் தங்கினால் உள்ளூர் சிம்தான் நல்லது என்பது என் கருத்து. கென்யாவின் பெரிய மொபைல் நிறுவனமான சஃபாரிகாம், ஏர்டெல் இரண்டுக்கும் நைரோபி விமான நிலைய வருகைக் கூடத்திலேயே கவுண்டர் இருக்கிறது. அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள். தான்சானியாவில் கைரேகையும் எடுப்பார்கள். வெளியே யாராவது "பதிவெல்லாம் தேவையில்லை, ரெடியான சிம்" என்று நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். அது வேறொருவர் பெயரில் இருக்கும், எந்த நேரத்திலும் முடங்கலாம். டேட்டா பேக்கை அங்கே 'பண்டில்' என்பார்கள், சுவாஹிலி பேச்சில் 'பண்டோ'. கவுண்டரை விட்டு நகருமுன் பேக் ஏறிவிட்டதா என்று ஒரு பக்கத்தையாவது திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். மாராவுக்குப் போகும் வழியில் நரோக்தான் கடைசிப் பெரிய ஊர்; ஏதாவது விட்டுப்போயிருந்தால் சரிசெய்ய அதுவே நல்ல இடம்.

இ-சிம் (கார்டு இல்லாமல் போனிலேயே ஏற்றும் சிம்) வாங்குகிறவர்கள் அதை ஊரிலேயே, வீட்டு வைஃபையில் போனில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றுவதற்கே நெட் வேண்டும் என்பதைப் பலர் அங்கே போய்த்தான் உணர்கிறார்கள். பயண இ-சிம்களில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், உள்ளூர் எண் இருக்காது. எண் இல்லாமல் எம்-பெசா கிடையாது; அது சஃபாரிகாமின் மொபைல் பணச் சேவை. 2007-இல் தொடங்கிய எம்-பெசாவில்தான் கென்யாவின் பெட்டிக்கடைகூட இன்று ஓடுகிறது.

எந்த சிம் போட்டாலும் இந்திய சிம்மைக் கழற்றி எங்கோ வைத்துவிடாதீர்கள். ஆன்லைனில் கார்டில் பணம் கட்டினால் வரும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். இரண்டு சிம் போனாக இருந்தால் இந்திய சிம்மை இரண்டாவது இடத்தில் வைத்து, அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள்.

எல்லைப் பிரச்சினை தனி. மாராவுக்கும் தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்கும் நடுவே வேலி கிடையாது. விலங்கு மாதிரியே சிக்னலும் தாண்டும். தெற்கே சாண்ட் ரிவர் பக்கம் போனால் கென்யாவுக்குள் இருக்கும்போதே "தான்சானியாவுக்கு நல்வரவு" என்று செய்தி வரலாம். கென்யாவுக்கு மட்டும் பேக் போட்டவருக்கு இது செலவு. போன் அமைப்பில் நெட்வொர்க்கைத் தானாகத் தேட விடாமல் உங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள்.

ஜிபிஎஸ்ஸுக்கும் டேட்டா வேண்டும் என்று நினைத்து வரைபடம் இறக்காமல் போவதும் நடக்கிறது. செயற்கைக்கோள் சிக்னலைப் போன் வாங்க மட்டும்தான் செய்கிறது, அதற்கு நெட் தேவையில்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் போதும். அப்புறம் கென்யாவின் மின்னணுப் பயண அனுமதி, விமான டிக்கெட், காப்பீட்டு எண் எல்லாம் மெயிலில் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை. போனிலேயே சேமியுங்கள், ஒரு காகித நகலும் வையுங்கள்.

புகைப்படங்கள் தானாக கிளவுடில் ஏறுவதையும் வாட்ஸ்அப் தானாக வீடியோ இறக்குவதையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மேட்டில் கிடைத்த ஐந்து நிமிட சிக்னலை இவையே தின்றுவிடும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்யும் என்பதால் அங்கே ஃப்ளைட் மோட் போடுங்கள், கேமரா வழக்கம்போல ஓடும். பல முகாம்களில் மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து வருவது. சார்ஜ் போட பொதுக்கூடாரத்துக்கு வர வேண்டியிருக்கும். கென்யாவில் மூன்று தட்டை முள் சாக்கெட், அதற்கு அடாப்டர் வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது, அதனால் நஷ்டம் நமக்கல்ல. மாராவிலும் ங்கோரோங்கோரோவிலும் கறுப்புக் காண்டாமிருகம் இருக்கிறது. அதன் படத்தை எடுத்தவுடன் இடத்தோடு பதிவிடுவது, கொம்புக்காகக் கொல்கிறவனுக்கு வழி சொல்வது போல. கேமராவின் இடக்குறிப்பை அணையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு போய்விடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே இருக்கும். பதிவில் எந்த ஓடை, எந்தப் பாதை என்று எழுதாதீர்கள். ஊர் திரும்பிய பிறகு போட்டாலும் படம் அழகாகத்தான் இருக்கும்.

சிக்னலே இல்லாத இடத்துக்கு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் போன்ற கருவி வாங்கலாமே என்று தோன்றும். இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம், விமான நிலையத்தில் அதனால் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இந்தியா வழியாகப் போகிறவர்கள் எடுத்துச் செல்ல வேண்டாம். வழிகாட்டியின் வண்டியிலும் முகாமிலும் ரேடியோ இருக்கிறதா என்று கேளுங்கள். 1957-இல் தொடங்கிய ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை நைரோபியிலிருந்து விமானத்தில் வந்து நோயாளியை எடுத்துச் செல்லும். உங்கள் காப்பீட்டில் அது சேர்கிறதா என்பதைக் கிளம்புமுன் பாருங்கள்.

இப்போதெல்லாம் நரோக்கில் வண்டி டீசல் போட நிற்கும்போது வீட்டுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புகிறேன். முகாமின் பெயர், அதன் தொலைபேசி எண், வழிகாட்டியின் எண், திரும்ப நரோக்குக்கு வரும் தேதி, அவ்வளவுதான். கூடவே, "நடுவில் சத்தம் இல்லையென்றால் சிக்னல் இல்லை என்று அர்த்தம்மா. கிடைத்தால் மத்தியானம் அனுப்புகிறேன், ராத்திரி முழித்திருக்காதே" என்று ஒரு வரி. நம் ஊர் நேரம் கென்யாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குப் போனை எடுக்கும்போது அம்மாவுக்கு மணி பதினொன்று.