ததமி ரயிலில் தனியே ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவில் ஒரு ரயிலை விட்டால் சில நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். அதே நினைப்போடு ஜப்பானின் கிராமப்புறத்துக்குப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ததமி தடத்தையே எடுத்துக்கொள்வோம். ஃபுகுஷிமா மாகாணத்தின் அய்ஸு வகமட்சுவில் தொடங்கி, நீகாட்டா மாகாணத்தின் கொய்தே வரை 135 கிலோமீட்டர். மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே போகும் ஒற்றைத் தண்டவாளம். 2011 ஜூலையில் கொட்டிய மழையில் பாலங்கள் அடித்துக்கொண்டு போய், ஒரு பகுதி 11 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2022 அக்டோபர் 1 அன்றுதான் முழுத் தடமும் திரும்ப ஓடத் தொடங்கியது. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போகும் ரயில் ஒரு திசைக்கு நாளுக்கு மூன்றே மூன்று. பயணம் நாலு மணி நேரத்துக்குக் குறையாது.

அதனால் முதல் தவறு, காலையில் கிளம்பும் ரயிலை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது. திரும்பி வரும் கடைசி ரயிலை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி அந்த நாளைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு நிலையத்தின் பெயர்ப்பலகையும் பின்னால் தெரிந்த மரவீடுகளும் அழகாக இருந்தன என்று நான் ஒருமுறை யோசிக்காமல் இறங்கிவிட்டேன். ரயில் போன பிறகுதான் சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்தேன். பெரும்பாலான மணிகளுக்கு எதிரே வெற்றுக்கட்டம். கடை இல்லை, நிலைய ஊழியர் இல்லை, காத்திருப்பு அறையில் ஒரு பெஞ்சு, அதன் மேல் யாரோ தைத்துப் போட்ட மெத்தை. மூன்று மணி நேரம் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். துணைக்கு ஆள் இருந்தால் பேச்சில் போய்விடும் நேரம். தனியாக, இருட்டும் வேளையில், அது வேறு.

இரண்டாவது, ஜன்னலோரம் உட்கார்ந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்புவது. படங்களில் நாம் பார்க்கும் அந்த வளைவுப் பாலம், ததமி ஆற்றின் முதல் பாலம், ரயிலுக்குள் இருப்பவர் கண்ணில் படாது. நாம் அதன் மேலேதான் போய்க்கொண்டிருப்போம். தெரிவது பச்சைத் தண்ணீர் மட்டுமே. பாலத்தைப் பார்க்க மிஷிமா ஊரில் இறங்கி, நெடுஞ்சாலை ஓய்வகத்தை ஒட்டிய மலைப்பாதையில் படியேற வேண்டும். அங்கே போய்ச் சேரும்போது பாலத்தில் ரயில் வர வேண்டுமே! ரயில் பாலத்தைக் கடக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். கோடைக் காலையில் ஆற்றின் மேல் மூடுபனி படியும் நாள் அமைந்தால், அந்தக் காத்திருப்பு அத்தனைக்கும் தகும்.

காசு விஷயத்தில் தடுமாறாதவர் குறைவு. டோக்கியோவில் தட்டிப் பழகிய, பணம் ஏற்றிவைக்கும் சுய்கா கார்டு இந்தத் தடத்தின் சிற்றூர் நிலையங்களில் செல்லாது. தட்டி ஏறிவிட்டால் இறங்குமிடத்தில் சிக்கல். போகும் ஊர் முடிவாகிவிட்டால் அய்ஸு வகமட்சுவிலேயே காகித டிக்கெட் வாங்கிவிடுங்கள். ஆளில்லா நிலையத்தில் ஏறினால் கதவருகே ஒரு பெட்டி சின்னச் சீட்டு நீட்டும், அதில் ஓர் எண். ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள பலகையில் அதே எண்ணைத் தேடுங்கள். ஒவ்வொரு ஊர் தாண்டும்போதும் அதன் கீழே தொகை ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது அங்கே காட்டுவதைச் சீட்டோடு சேர்த்து உண்டியல் பெட்டியில் போட வேண்டும். 10,000 யென் நோட்டை நீட்டினால் மாற்ற வழியிருக்காது. 1,000 யென் நோட்டும் சில்லறையும் வைத்திருங்கள். ஆளில்லா நிலையங்களில் பெரும்பாலும் முதல் பெட்டியின் முன்கதவு வழியாகத்தான் இறங்க விடுவார்கள். பின்பெட்டியில் கண்ணயர்ந்தால் ஊர் கடந்துவிடும்.

பாஸ் வாங்குகிறவர்கள் கவனிக்க: ஜேஆர் நிறுவன ரயில்களில் வெளிநாட்டுப் பயணிகள் எத்தனை முறையும் ஏறி இறங்க உதவும் ஏழு நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்தது. இது போன்ற ஒருநாள் பயணத்துக்காக மட்டும் அதை வாங்குவது வீண். கூரை வேய்ந்த யுனொகாமி ஒன்சென் நிலையத்துக்கும் அதே அய்ஸு வகமட்சுவில்தான் ரயிலேறுகிறோம், ஆனால் அது அய்ஸு ரயில்வே என்னும் வேறு நிறுவனத்தின் தடம். அங்கே ஜேஆர் பாஸ் செல்லாது. ஜேஆரின் சாதாரண ரயில்களுக்கான சலுகைச் சீட்டு செய்ஷுன் 18. அதை விருப்பப்பட்ட ஐந்து நாளில் பயன்படுத்தலாம் என்று பழைய குறிப்புகள் சொல்லும். 2024 குளிர்காலத்திலிருந்து அது தொடர்ச்சியான மூன்று நாள் அல்லது ஐந்து நாள்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். காய்கறி சூப்பிலும் பெரும்பாலும் மீன்சாறு இருக்கும். கிளம்பும் ஊரிலேயே கடற்பாசி வைத்த சோற்றுருண்டை இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பனிக்காலத்தில் இந்தத் தடம் நின்றுபோவது சாதாரணம். முதல் நாள் இரவு பார்த்தது போதாது, காலையிலும் ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அறையைக் காலி செய்யுங்கள். நின்றுவிட்டால் பாதி வழி வரையாவது போவோம் என்று கிளம்பவே வேண்டாம். அய்ஸு வகமட்சுவிலேயே சுருகா கோட்டை இருக்கிறது. அதன் சிவப்பு ஓடுகளின் மேல் பனி விழுவதைப் பார்க்க அந்த நாளைவிட நல்ல நாள் கிடைக்காது.