ரத்தத் தொற்றுக்கு முதல் ஊசி எது: ஆன்டிபயோகிராமிலிருந்து முடிவெடுக்கும் முறை

ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி இன்னதென்று தெரிந்து, அது எந்த மருந்துக்குக் கேட்கும் என்ற முடிவும் வர இரண்டு மூன்று நாள் ஆகும். செப்டிக் ஷாக் (தொற்றால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிய நிலை) நோயாளிக்கோ ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். இடைப்பட்ட நாட்களுக்கான மருந்தை வேறு ஊர் மருத்துவமனையின் பட்டியலைப் பார்த்து எழுதாதீர்கள். எந்தக் கிருமி எந்த மருந்துக்கு எத்தனை சதவீதம் கேட்கிறது என்ற உங்கள் லேபின் ஓராண்டுக் கணக்கே, அதாவது ஆன்டிபயோகிராம் என்ற அட்டவணையே, வழிகாட்டட்டும்.

முதலில் சாம்பிள். மருந்து தொடங்குமுன் இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி இரண்டு செட் எடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. ஒரே செட் எடுத்து அதில் தோல் கிருமி வளர்ந்தால், அது ஊசியோடு வந்ததா, ரத்தத்தில் இருந்ததா என்று சொல்ல முடியாது.

கணக்கெடுக்க ஹூநெட் என்ற இலவச மென்பொருள் போதும். ஒரு நோயாளியிடம் ஒரே கிருமி பலமுறை வளர்ந்திருந்தாலும் முதலாவதை மட்டும் சேருங்கள். இல்லாவிட்டால், ஐசியூவில் நீண்ட நாள் கிடந்த ஒருவரே மொத்த விகிதத்தையும் கெடுத்துவிடுவார். தொற்று இல்லாதவரிடமும் கிருமி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் ஸ்க்ரீனிங் ஸ்வாப்களை நீக்குங்கள். அட்மிஷனாகி 48 மணி நேரத்துக்குப் பின் வந்த தொற்றுகளை, மருத்துவமனையில் பிடித்தவை என்று தனியாகப் பிரித்து வையுங்கள். ஒரு கிருமிக்கு 30 மாதிரியாவது தேவை. குறைந்தால் இரண்டு ஆண்டுகளைச் சேர்க்கலாம். 30-ல் 24 கேட்டால் 80% என்று வரும், ஆனால் உண்மை 63-லிருந்து 90 வரை எங்கும் இருக்கலாம்.

பலர் சறுக்குமிடம் வேறு. செஃப்ட்ரியாக்ஸோனுக்குக் கேட்காத கிருமிகளுக்கு மட்டும் மெரோபெனம் சோதிக்கும் லேபில், மெரோபெனத்தின் சதவீதம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். எல்லா மாதிரிகளிலும் சோதித்த மருந்தை மட்டுமே அட்டவணையில் ஏற்றுங்கள்.

முதல் ஊசி போடும்போது கிருமியின் பெயர் தெரியாதே! அதனால் ஒவ்வொரு கிருமியின் பங்கையும் அது மருந்துக்குக் கேட்கும் விகிதத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு, 100 தொற்றில் ஈ.கோலை 40, கிளெப்சியெல்லா 30, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் 20, அசினெட்டோபாக்டர் 10. பைபராசிலின்-டாசோபாக்டமுக்கு இவை முறையே 70, 50, 60, 20% கேட்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 28+15+12+2 = 57. ஈ.கோலையின் 70-ஐ மட்டும் பார்த்து நம்பியிருந்தால், நூற்றில் 43 பேருக்கு முதல் மருந்து வீண். ஷாக்கில் இருப்பவருக்கு 90-ஐ நெருங்கும் தேர்வு வேண்டும். அமிகாசின் என்ற இரண்டாவது ஆன்டிபயாடிக்கையும் சேர்ப்பதானால் இரண்டு சதவீதங்களைக் கூட்டாதீர்கள். இரண்டில் ஒன்றுக்காவது கேட்ட மாதிரிகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.

அட்டவணை எதைச் சொன்னாலும், இதே நோயாளியின் பழைய கல்ச்சரும் அண்மையில் எடுத்த ஆன்டிபயாடிக்கும் அதைவிட முக்கியம்.

கல்ச்சர் முடிவு வந்ததும், பல கிருமிகளைத் தாக்கும் மருந்திலிருந்து அந்தக் கிருமிக்கேற்ற மருந்துக்குக் குறுக்குங்கள். மெதிசிலினுக்குக் கேட்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் வாங்கோமைசினிலேயே நிற்காமல் அன்றே செஃபசோலினுக்கு மாற்றுங்கள். இந்தக் கிருமியிடம் வாங்கோமைசினின் பலம் குறைவு.