மாமாவின் பழைய கம்ப்யூட்டரில் புது ஓஎஸ்

முதலில் போட்டோக்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் மறக்காதீர்கள், மண்டபத்தில் நடந்த பேத்தியின் காதணி விழா படங்களையெல்லாம் என் மாமா டவுன்லோட்ஸில்தான் வைத்திருந்தார்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினட்டைத் திறந்துகொள்ளுங்கள். நம் கடற்கரையில் உப்புக்காற்று எதையும் விடாது. ரேமை (தற்காலிக நினைவகப் பலகை) கழற்றிப் பார்த்தால் பொன்னிறப் பற்களில் மங்கலாகக் கறை படிந்திருக்கும், பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து மாட்டினாலே பாதி மெஷின்கள் ஒழுங்காக ஓடும். தேதி ஒவ்வொரு முறையும் மாறினால் மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 பழைய பிராசஸரை ஏற்காது. அதனால் நான் போட்டது லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் (இயங்குதளம்), அதில் பழைய மெஷினுக்கும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ரேம் போதும், 4 இருந்தால் நிம்மதி. அதன் ஐஎஸ்ஓ கோப்பை (இன்ஸ்டால் செய்வதற்கான கோப்பு) எட்சர் என்ற மென்பொருள் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, ஆன் செய்ததும் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வர எஃப்12 அழுத்துங்கள் (சில போர்டுகளில் எஃப்8 அல்லது எஃப்11). உடனே இன்ஸ்டால் செய்யாதீர்கள். பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, சத்தம், பிரின்டர் எல்லாம் வேலை செய்கிறதா பாருங்கள். சரி என்றால் மட்டும் இன்ஸ்டால், டிஸ்க்கை அழிக்கவா என்று கேட்கும்போது எந்த டிஸ்க் என்பதை இரண்டு முறை படியுங்கள்.

கடைசியாகத் தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துவிடுங்கள்.