கத்தரிக்கோலை ஓரமாக வையுங்கள்: இனுயிட் நகை வகுப்பில் நேரும் தவறுகள்

ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் நகை வகுப்பில், சீல் என்ற கடல்விலங்கின் தோலில் தோடு செய்ய உட்கார்ந்தால் கை முதலில் போவது கத்தரிக்கோலுக்குத்தான். வேலை அங்கேயே கெட்டுவிடுகிறது. கத்தரி, தோலோடு சேர்த்து ரோமத்தையும் நறுக்கிவிடும். ஓரமெல்லாம் தேய்ந்துபோன பிரஷ் மாதிரி மொட்டையாக நிற்கும். என் முதல் தோடு அப்படித்தான் வீணானது. தோலைக் குப்புறப் போட்டு, ரோமம் இல்லாத பக்கத்தில் பேனாவால் வடிவத்தை வரையுங்கள். கூரான பிளேடால் தோலின் கனத்துக்கு மட்டும் கீறுங்கள். பிறகு இரு பக்கமும் மெல்ல இழுத்தால் ரோமம் அறுபடாமல் பிரிந்துவரும். ஓரத்தைத் தாண்டி வழிந்து தையலையும் மறைத்துவிடும். இனுயிட் பெண்கள் தோல் வெட்டத் தலைமுறை தலைமுறையாகக் கையாள்வது 'உலு' என்ற பிறை வடிவக் கத்தி.

ரோமம் படியும் திசையைப் பார்க்காமல் வெட்டுவது இன்னொரு தவறு. விரலால் தடவிப் பாருங்கள்: ஒரு பக்கம் வழுவழுவென்று போகும், எதிர்ப்பக்கம் தடுக்கும். இரண்டு தோட்டிலும் ரோமம் கீழ்நோக்கியே படிய வேண்டும். வடிவம் ஒரு பக்கம் சாய்ந்ததாக இருந்தால், இரண்டாவது தோட்டுக்கு அச்சைப் புரட்டிப் போட்டு வரையுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே காதுக்கான தோடாகிவிடும்.

வகுப்பில் பலரும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டபடியே இருப்பார்கள். இனுயிட் மக்கள் போற்றும் நெறிகளில் ஒன்று 'பிலிம்மக்சர்னிக்': பார்த்து, செய்து, பழகித் தேர்வது. ஆசிரியரின் கட்டைவிரல் எங்கே அழுத்துகிறது, ஊசி எந்தச் சாய்வில் இறங்குகிறது என்பதெல்லாம் நோட்டில் ஏறாது. குனிந்து எழுதுகிற நேரத்தில் அதுதான் கண்ணைவிட்டுப் போகிறது.

கரிபூ மானின் கொம்பில் வேலை செய்பவர்கள் அவசரத்தால் கெடுக்கிறார்கள். கொம்பின் வெளிப்பகுதி கெட்டி. உள்ளே பஞ்சு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். கொக்கி மாட்டும் துளை அந்தப் பஞ்சுப் பகுதியில் விழுந்தால் உதிர்ந்துவிடும். அதனால் குறுக்கே அறுத்துப் பார்த்த பிறகே வடிவத்தை வரையுங்கள். மின்துளைப்பானை வேகமாக ஓட்டினால் கொம்பு கருகி, முடி பொசுங்கும் நாற்றம் வரும். அந்தக் காலத்தில் வில்துளைப்பான்தான்: மேல்முனையைப் பல்லால் கவ்விப் பிடித்து, ஒரு கையால் வில்லை இழுத்து, மறு கையால் பொருளைப் பிடித்துக்கொண்டு துளைத்தார்கள். தேய்க்கும்போது கொம்பை நனைத்துக்கொள்ளுங்கள், முகக்கவசம் கட்டாயம். கொம்புத் தூளும் கல் தூளும் நுரையீரலுக்கு ஆகாது.

பாசிமணியைக் கண்டதும் "இது வெளியிலிருந்து வந்ததுதானே, பாரம்பரியமா?" என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு இதில் வருத்தம் அதிகம். மணிகள் திமிங்கில வேட்டைக் கப்பல்களோடும் வணிகர்களோடும் வந்தவைதான். குழந்தையை முதுகில் சுமக்க வசதியாகத் தைத்த 'அமவுட்டி' என்ற மேலங்கியில் பெண்கள் அவற்றை வரிவரியாகக் கோத்தார்கள். கரண்டித் தலைகளையும் அமெரிக்கச் செப்புக் காசுகளையும்கூட அதில் தொங்கவிட்டார்கள். கைக்கு வந்ததைத் தன்னுடையதாக்கிக்கொள்வதே அங்கே மரபு. இன்று கனடாவின் நுனாவுட் பகுதித் தலைநகரான இக்காலுயிட்டில் உள்ள நுனாவுட் ஆர்க்டிக் கல்லூரியில் உலோக வேலையும் கற்றுத் தருகிறார்கள்.

ஆனால் அந்த உரிமை அவர்களுடையது. முகத்திலும் கையிலும் குத்திக்கொள்ளும் பச்சைக் கோலங்களுக்கு அணிபவரின் குடும்பமும் வாழ்க்கையும் சார்ந்த பொருள் உண்டு. அழகாக இருக்கிறது என்று எடுத்துப் பதக்கத்தில் பொறிக்காதீர்கள். வகுப்பில் கற்று நீங்கள் செய்ததை 'இனுயிட் நகை' என்று விற்காதீர்கள். போலிகளைத் தடுக்கவே கனடா அரசு 1958இல் 'இக்லூ' முத்திரையைக் கொண்டுவந்தது. 2017 முதல் அதை இனுயிட் கலை அறக்கட்டளை கவனிக்கிறது. 'எஸ்கிமோ' என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள்: ஒருவர் என்றால் இனுக், பலர் என்றால் இனுயிட்.

செய்த தோட்டை மாட்டிக்கொண்டு அப்படியே எல்லை தாண்டாதீர்கள். 1972இன் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டப்படி, சீல் தோல் பொருளை அமெரிக்காவுக்குள் கொண்டுபோகப் பொதுவாக அனுமதி இல்லை, பறிமுதல் ஆகலாம். பயணத்துக்கென்று பாசிமணியில் மட்டும் இன்னொரு ஜோடி கோத்து வைத்துக்கொள்ளுங்கள்.