மூன்று நட்சத்திரம் வாங்கினால் கணக்கு வந்துவிடுமா? குழந்தைகளுக்கான கல்வித் தளங்களில் நாம் செய்யும் தவறுகள்

பங்குனி பிறந்தாலே வேலூர்ப் பக்கம் காலை பத்து மணிக்கு மேல் பிள்ளைகளைத் தெருவில் விட முடியாது. மே மாதத்தைக் கேட்கவே வேண்டாம். கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, கையில் போனைக் கொடுத்துவிடுகிறோம். "வெறும் கார்ட்டூன் இல்லீங்க, படிக்கிற சைட்டுதான்" என்று நமக்கு நாமே ஒரு சமாதானம் வேறு.

போன கோடை விடுமுறைக்குக் குடியாத்தத்திலிருந்து தங்கை மகள் காட்பாடிக்கு வந்திருந்தாள். ஐந்தரை வயது. ஒரு கணக்கு விளையாட்டுத் தளத்தில் தினம் முக்கால் மணி நேரம் உட்காருவாள். தினமும் மூன்று நட்சத்திரம். தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தும் மூன்றும் எவ்வளவு என்று கேள்வி, கீழே நான்கு கட்டம். முதல் கட்டத்தைத் தட்டினாள், சிவப்பு. இரண்டாவது, அதுவும் சிவப்பு. மூன்றாவது பச்சை. உடனே கைதட்டல் சத்தம், பலூன், நட்சத்திரம். கேள்வியை அவள் பார்க்கவே இல்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "பச்சை வர்ற வரைக்கும் தட்டணும் மாமா, அவ்ளோதான்." அவளைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அந்த விளையாட்டின் விதியை எங்கள் எல்லோரையும்விடச் சரியாகப் புரிந்துகொண்டவள் அவள்தான்.

போனை வாங்கி வைத்துவிட்டு, அடுக்களையிலிருந்து ஒரு பிடி புளியங்கொட்டை கொண்டுவந்தேன். ஐந்து ஒரு பக்கம், மூன்று ஒரு பக்கம். "எல்லாம் சேர்த்து எவ்ளோ?" ஒன்று, இரண்டு என்று முதலிலிருந்து தொட்டுத் தொட்டு எண்ணி எட்டு என்றாள். விடை சரிதான். ஆனால் 'இந்தப் பக்கம் ஐந்து இருக்கிறது' என்று சற்று முன் எண்ணியவளே, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ஐந்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆறு, ஏழு, எட்டு என்று மேலே எண்ணுவது இன்னும் வரவில்லை. கூட்டல் கற்பதில் அது ஒரு பெரிய படி. பச்சையும் சிவப்பும் மட்டும் காட்டுகிற திரையில் அந்தப் படி தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து ஐந்து கொட்டையைக் கிண்ணத்தால் மூடிவிட்டுக் கேட்க ஆரம்பித்தோம். நான்காம் நாள் பிடித்துக்கொண்டாள்.

ஆகவே என் கணக்கில் முதல் தவறு, நட்சத்திரத்தை மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வது. புதிதாக ஒரு தளத்தைத் திறந்தால் வேண்டுமென்றே நாலைந்து தப்பு விடை போட்டுப் பாருங்கள். ஏன் தப்பு என்று படம் போட்டோ சொல்லியோ காட்டுகிறதா? அடுத்த கேள்வியைக் கொஞ்சம் எளிதாக்குகிறதா? அல்லது எதைத் தட்டினாலும் கடைசியில் பலூன் விடுகிறதா? பலூன் விடுகிற தளத்தை மூடிவிடலாம்.

இதற்கு அண்ணன் தம்பி போல இன்னொரு தவறு, பிள்ளை எவ்வளவு நேரம் சத்தம் போடாமல் இருந்தது என்பதை வைத்துத் தளத்தைப் பாராட்டுவது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு: இரண்டு முதல் நான்கு வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். கல்வித் தளம் என்பதற்காக அதில் தனிச் சலுகை எதுவும் கிடையாது.

அடுத்தது இந்த 'இலவசம்'. தேடல் பெட்டியில் குழந்தை விளையாட்டு என்று போட்டு, முதலில் வருவதைத் திறந்து கையில் கொடுப்பது வீட்டுக்கு வீடு நடக்கிறது. விளம்பரத்துக்கும் பாடத்துக்கும் வித்தியாசம் தெரியாத வயது அது. மின்னுகிற பொத்தான் எதுவானாலும் விரல் போகும். எங்கள் வீட்டில் ஏழு நாள் இலவசம் என்ற ஒரு செயலிக்கு எட்டாம் நாள் 499 ரூபாய் போனது. தங்கைதான் அவசரத்தில், மாதாமாதம் பணம் தானாகப் போகிற ஆட்டோபேவுக்குச் சம்மதம் கொடுத்து பின் நம்பரும் போட்டிருக்கிறாள். செயலியை அழித்தால் போதும் என்று நினைத்தது அதைவிடப் பெரிய தப்பு, மறு மாதமும் போனது. யூபிஐ செயலிக்குள் ஆட்டோபே பகுதியில் அந்த அனுமதியை ரத்து செய்தால்தான் நிற்கும். போனைக் கொடுக்கும்போது ஆண்ட்ராய்டில் 'ஆப் பின்னிங்', ஐபோனில் 'கைடட் ஆக்சஸ்' போட்டுவிட்டால் பிள்ளை அந்த ஒரு செயலியை விட்டு வெளியே போகாது. பெயர், பள்ளி, போட்டோ கேட்கிற தளமென்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க அதெல்லாம் எதற்கு?

மொழி விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம். ஆங்கில ரைம்ஸ் என்றால் கல்வி, தமிழ்க் கதை என்றால் பொழுதுபோக்கு. குழந்தைகள் புத்தகம் போடும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் தமிழிலேயே நிறைய இருக்கின்றன, காசு கிடையாது. தெலுங்கிலும் உருதுவிலும் உண்டு. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசும் குடும்பங்கள் எத்தனை! ஒரே கதையை இரண்டு மொழியிலும் தேடி எடுத்து, ஆயா ஒன்றும் பிள்ளை ஒன்றுமாக வாசிக்கலாம். கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்றாம் நிலை, பக்கத்துக்கு ஓரிரு வரி மட்டும் உள்ளது. 'இவ யூகேஜி முடிச்சுட்டா' என்று நேராக மூன்றாம் நிலைக்குத் தாவுவதுதான் தவறு. தரவிறக்கி ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தால் திரையும் மிச்சம்.

வாசிக்கும்போது 'எங்கே இருக்கிறது' என்பதைத் தங்கை மகள் "எங்க கீது" என்று வாசிப்பாள். அதட்டாதீர்கள். எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, தன் பேச்சில் திருப்பிச் சொல்கிறாள். அதற்குப் பெயர்தான் வாசிப்பு.

கையிலேயே இருக்கிற ஒன்றை மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டு அரசின் 2018 புதிய பாடநூல்களிலேயே கியூஆர் குறியீடு வந்துவிட்டது. கட்டணச் செயலி தேடும் முன் அதைப் போனில் ஸ்கேன் செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கோடிங் மோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டங்களை அடுக்கிக் கோடிங் பழகுகிற ஸ்கிராட்ச் எட்டு வயதுக்கு மேல். ஐந்து முதல் ஏழு வரை உள்ளவர்களுக்கென்றே ஸ்கிராட்ச் ஜூனியர் தனியாக இருக்கிறது, இரண்டும் இலவசம். பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்துவிட்டது என்று பணம் கட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதை நானே செய்தேன். வெளிநாட்டுத் தளங்களை அப்படியே பாடமாக எடுத்துக்கொள்வது. வானம், கோள்கள் பற்றி நாசா குழந்தைகளுக்காக நடத்தும் ஸ்பேஸ் பிளேஸ் அருமையான தளம். ஆனால் தொலைநோக்கி படத்தைக் காட்டியதோடு நிறுத்திவிட்டேன். ஜவ்வாது மலையில், நம் பழைய வட ஆர்க்காட்டுக் காவலூரிலேயே (இப்போது திருப்பத்தூர் மாவட்டம்) வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது, அதன் ஆடி 2.34 மீட்டர் அகலம் என்று பிறகுதான் உறைத்தது. வாசல் திண்ணையிலிருந்து தெருவரை சுண்ணாம்புக்கட்டியால் அளந்து வட்டம் போட்டுக் காட்டினேன். அதற்குள் நான்கு பிள்ளைகள் படுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு தளத்தில் நான்கு பருவங்கள் என்று பாடம். அக்டோபரில் மரங்கள் சிவந்து இலை கொட்டும் என்று படம் ஓடியது. தங்கை மகள் சன்னல் வழியே வேப்ப மரத்தைப் பார்த்தாள். "நம்ம மரம் பங்குனியிலேயே கொட்டிச்சே. அது தப்பா பண்ணுதா மாமா?"

தினசரி காலண்டரை அவள் கையில் கொடுத்தேன். அடுத்த வருஷம் முதல் இலை கொட்டுகிற நாளில் வட்டம் போட வேண்டும் என்று சொல்லி, குடியாத்தத்துக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.