கிரிஸ்டல் ஃபீல்டுல நம்ம பிள்ளைகள் சறுக்குற இடங்கள்

மணவாளக்குறிச்சி கடற்கரைல ஒரு பிடி மண்ணை அள்ளிப் பாத்தா செவப்பும் கருப்புமா கலந்து கெடக்கும், செவப்பு கார்னெட், கருப்பு இல்மனைட். நாகர்கோவில்ல ட்யூஷன் எடுக்கும்போ படிகப்புலக் கொள்கைய (கிரிஸ்டல் ஃபீல்டு, அதாவது சுத்தி நிக்கிறவங்களால உலோக அயனியோட அஞ்சு டி ஆர்பிட்டாலும் ஆற்றல்ல மேல கீழன்னு பிரியுங்கிற கணக்கு) நான் தொடங்குறதே அந்த மண்ணை மேசைல கொட்டித்தான். "சார், கார்னெட்ல இரும்பு இருக்கு, அப்போ எண்முகி, மூணு கீழ ரெண்டு மேல"ன்னு உடனே ஒருத்தன் சொல்லுவான். எண்முகின்னா உலோகத்தைச் சுத்தி ஆறு பேரு, மூணு ஆர்பிட்டால் கீழ, ரெண்டு மேல.

அங்கயே சறுக்கியாச்சு மக்கா. இந்த கார்னெட்ல ஃபெரஸ் (+2) இரும்பைச் சுத்தி ஆறு இல்ல, எட்டு ஆக்ஸிஜன். உலோகத்தைச் சுத்தி எத்தனை பேரு, எந்தப் பக்கம் நிக்காங்கன்னு பாக்காம ஆர்பிட்டால் படம் போடக் கூடாது. கனசதுரத்தோட எட்டு மூலைலயும் ஆள் நின்னா நான்முகி (சுத்தி நாலு பேரு) மாதிரியே தலைகீழாக்கும், ரெண்டு கீழ மூணு மேல (கார்னெட்ல அந்தக் கனசதுரமும் கொஞ்சம் கோணல், அதை விடுங்க). நான்முகில பிளவு (மேல கீழ உள்ள ஆற்றல் இடைவெளி) எண்முகியோட 4/9 பங்குதான், அதுவும் உலோகம், ஈனி (உலோகத்தைச் சுத்தி நிக்கிற அயனி அல்லது மூலக்கூறு), தூரம் எல்லாம் ஒண்ணா இருந்தா, அதனால நான்முகிக்கு கண்ணை மூடிட்டு லோ ஸ்பின் (எலக்ட்ரான் மேல போகாம கீழயே ஜோடி சேர்றது) போடாதீங்க.

நிறம் கேட்டா, டைட்டானியம் +3 தண்ணில ஊதா, அதனால "ஊதாவை உறிஞ்சுது"ன்னு எழுதி வைப்பாங்க. உறிஞ்சுறது 500 நானோமீட்டர் பக்கத்துல உள்ள பச்சை, தப்பிச்சு வர்ற செவப்பும் நீலமும்தான் நம்ம கண்ணுக்கு ஊதா.

இதைவிட மோசம் கிணத்துல போடுற பெர்மாங்கனேட். அவ்வளவு அடர் நிறத்தைப் பாத்ததும் டி-டி தாவல் (டி எலக்ட்ரான் கீழ ஆர்பிட்டால்லேர்ந்து மேல போறது)னு எழுதிருவாங்க, ஆனா மாங்கனீசு +7ல டி எலக்ட்ரானே கிடையாது, தாவ ஆள் வேணும்லா? அங்க எலக்ட்ரான் ஆக்ஸிஜன்லேர்ந்து மாங்கனீசுக்குப் போகுது, சார்ஜ் டிரான்ஸ்ஃபர். நம்ம கருப்பு மண்ணும் ஏறக்குறைய அதே கதைதான், இல்மனைட்ல இரும்பு +2லேர்ந்து டைட்டானியம் +4க்கு.

கடைசியா ஒண்ணு, இதுல பிள்ளைகளை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. 1929ல இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே படிகத்துக்குள்ள அயனியைச் சுத்தியுள்ள மின்புலத்தைக் கணக்குப் போட்டப்போ பக்கத்துல நிக்கிற அயனிகளை மின்சுமையா மட்டும் எடுத்துக்கிட்டாரு, நாமளும் ஈனியை அப்படியே சொல்லிக் குடுக்கோம். அதை நம்பி மைனஸ் கூடுனா பிளவும் கூடும்னு எழுதுறாங்க. சார்ஜே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு ஈனி வரிசைல (யாரு எவ்வளவு பிளப்பாங்கன்னு அடுக்குன பட்டியல்) உச்சத்துல நிக்கி, மைனஸ் உள்ள ஹைட்ராக்ஸைடு தண்ணிக்கும் கீழ கெடக்கு. பை பிணைப்பை (உலோகமும் ஈனியும் பக்கவாட்டுல ஆர்பிட்டாலைப் பகிர்றது) கொண்டு வராம இதுக்கு பதில் சொல்ல முடியாது, அதனால சார்ஜை வச்சு ஊகிக்காம வரிசையை அப்படியே படிச்சு வைங்க.